கையெழுத்து சேலத்துக்குப் போனபோது

ஒகேனக்கல்லில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். சோறு, மீன் குழம்பு, வறுவல், மோர், அவ்வளவுதான். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா மகளிர் குழு தொடங்கிய காலத்திலிருந்தே குழுவில் இருப்பவர். வீட்டுக்காரர் பரிசல் ஓட்டும் குடும்பம். எங்கள் வீட்டில் யாருடைய வருமானத்தைத் தொட்டாலும் அதன் இன்னொரு முனை ஏதோ ஒரு அரசுக் கழகத்திலோ துறையிலோ போய்ச் சேரும். இரண்டு கழகங்களை இணைக்கிறார்கள், ஒரு துறையை இரண்டாகப் பிரிக்கிறார்கள் என்று பேப்பரில் நாலு வரி வந்தால் மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் முதலில் படிப்போம்.

போன மாதம் இன்னொரு சுற்றுலா ஊரிலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்தாள். குழுப் பயிற்சியில் பழக்கமானவள். "அக்கா, எங்க ஊர்ல இருக்கிற அரசு விடுதிய வேற ஆள்கிட்ட நடத்தக் குடுக்கப் போறாங்களாம். நாங்க ஏழு பேர் அங்கதான் வேலை செய்யறோம். நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். நல்லது, கெட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவளுக்குப் போனில் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பஸ் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்களுக்கு முதல் பாடம் அங்கேதான். எழுபதுகளின் தொடக்கத்தில் தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டபோது வட்டாரத்துக்கு ஒரு கழகம் வந்தது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், சேலத்துக்கு அண்ணா. தர்மபுரி 1965 அக்டோபர் 2-ஆம் தேதியே தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் பஸ் மட்டும் சேலத்தோடுதான் இருந்தது. எண்பதுகளில்தான் நமக்கென்று அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் பிரிந்து வந்தது. தலைமை அலுவலகம் தர்மபுரியிலேயே, பாரதிபுரத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் நம் மாவட்டம். அப்பா பழைய கழகத்திலிருந்து புதியதற்கு வந்தவர். அந்த நாட்களைப் பற்றி இப்போது கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பேசுவார்.

அந்தக் காலத்தில் பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு பஸ் வேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து காலை வண்டியில் ஏறி பாரதிபுரம் போவார்கள். மனுவை வாங்குகிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். கிடைத்ததோ இல்லையோ, சாயந்திரத்துக்குள் ஒரு பதில் தெரிந்துவிடும். ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் கூட்டம் நெரியும். கூடுதலாக எத்தனை வண்டி விடுவது, எந்த டிப்போவிலிருந்து எடுப்பது என்பதெல்லாம் தர்மபுரிக்குள்ளேயே முடிந்துவிடும் விஷயம்.

சாதி மோதல்களுக்குப் பிறகு 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. நம் கழகம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் இரண்டாம் கோட்டம் ஆனது. பெயர் மாறியபோது அப்பா கவலைப்படவில்லை. டிப்போ அதேதான், வண்டி அதேதான், கையில் இருக்கும் டிக்கெட் கட்டும் அதேதான். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம் கோட்டம் என்பதும் போய், முழுக்க சேலத்தோடு இணைத்துவிட்டார்கள். மேலாண்மை இயக்குநர் சேலத்தில், தர்மபுரியில் மண்டலப் பொது மேலாளர். அலுவலகக் கட்டடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா அதிகம் கேட்ட வார்த்தை "கருத்துரு", அதாவது மேலிடத்தின் ஒப்புதலுக்கு எழுதி அனுப்பும் தாள். கூடுதல் நடை வேண்டும் என்று மனு கொடுத்தால், "கருத்துரு அனுப்பியிருக்கோம்" என்று பதில் வரும். மறுக்கவில்லை, தரவும் இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் ஒன்றும் தூர தேசமில்லை, அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பென்னாகரத்திலிருந்து யார் சேலம் வரை மனுவைத் தூக்கிக்கொண்டு போவது? மனு போடுவதே குறைந்துபோனது. மனு குறைந்தால் தேவை இல்லை என்று கணக்கு. இது யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, அதுவாக நடப்பது.

ஊர் வியாபாரத்திலும் இப்படித்தான். எந்த நிறுவனங்கள் இணைந்தாலும் கொள்முதலும் சேர்ந்தே இணையும். தனித்தனியாகச் சின்னச் சின்ன டெண்டராக இருந்தது, மொத்தமாக ஒரே டெண்டர் ஆகும். முன்வைப்புத் தொகை ஏறும், முந்தைய ஆண்டுகளில் இத்தனை லட்சத்துக்குச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரும். நோட்டு அச்சடிப்பவர், சீட்டுக்கு ரெக்ஸின் தைப்பவர், யூனிஃபார்ம் தைக்கும் டெய்லர் போன்றவர்கள் அந்த நிபந்தனைகளிலேயே வடிகட்டப்படுவார்கள். தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அதனால் வரும் வேலை, சம்பளப் பட்டியலில் இருப்பவர்களோடு முடிவதில்லை. மதியச் சாப்பாடு, டீக்கடை, ஜெராக்ஸ் கடை, வாடகை வீடு எல்லாம் அதில் சேர்த்தி.

நியாயமாகச் சொன்னால் இணைப்பில் நன்மையும் உண்டு. சின்னக் கழகத்துக்கு நட்டத்தைத் தாங்கும் பலம் கிடையாது. சீசனில் சேலம் வண்டிகளையும் இங்கே திருப்பிவிட முடிகிறது. இதை அப்பாவே ஒத்துக்கொள்வார். ஆனால் அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஓடும் வண்டிகளில் வரும் வசூல்தான் இந்தப் பக்கத்து மலைக்கிராமத் தடங்களைத் தூக்கி நிறுத்தியது, பெரிய குளத்தில் ஊற்றிய பிறகு எந்தத் தண்ணீர் யாருடையது என்று யார் பார்ப்பார்கள் என்பார். இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஒரு கண்டக்டருடைய கைப்பை அறிந்த கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நாங்கள் கற்றது, இணைப்பு என்று செய்தி வந்தவுடன் "அலுவலகம் இங்கேயே இருக்குமா?" என்று கேட்டுத் திருப்தி அடையக் கூடாது என்பதுதான். "இங்கே இருக்கப் போகிறவர் எத்தனை ரூபாய் வரைக்கும் தானே கையெழுத்துப் போடலாம்? எதற்கெல்லாம் மேலே எழுத வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அதற்கான பதில் அரசாணையில் இருக்கும். அரசாணை எண்ணையும் தேதியையும் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண் இல்லாமல் "மேலிடத்து உத்தரவு" என்று யார் சொன்னாலும் அது பேச்சு, அவ்வளவுதான்.

பஸ்ஸின் பலகைகூட நம் பிழைப்பைத் தீர்மானிக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புறநகர் வண்டி என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் சமைக்க வரும் பெண்களுக்கு, தங்கள் தடத்தில் ஓடுவது டவுன் பஸ்ஸா புறநகர் பஸ்ஸா என்பது அன்றைய கூலியில் ஒரு பங்கு. நல்ல திட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தடம் எந்த வகை என்ற கேள்வியைக் கேட்க நாம் எங்கே போக வேண்டும் என்று பார்த்தால், மறுபடியும் அந்தக் கையெழுத்து விவகாரத்துக்கே வந்து நிற்கிறோம்.

அடுத்து அம்மாவின் கதை. மகளிர் சுய உதவிக் குழு என்று இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஷயம் முதலில் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில், 1989-இல். பணம் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தினுடையது, நடத்தியது தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். அதுவும் 1983-இல் தொடங்கிய ஒரு அரசு நிறுவனம்தான். சமூக நலத் துறையின் கீழ் இருந்த அந்த நிறுவனத்தை 2006-இல் ஊரக வளர்ச்சித் துறைக்கு மாற்றினார்கள். அம்மாவின் குழுவுக்கு அது தெரியவே இல்லை. ஆனால் போகப்போக வருகிற ஆட்கள் மாறினார்கள், கேட்கிற படிவம் மாறியது. முன்பு தொண்டு நிறுவனத்துப் பெண் ஒருவர் வந்து கணக்கு எழுதித் தருவார். பிறகு அந்த இடத்தில் குழுக்களின் கூட்டமைப்பு வந்தது.

அம்மாவின் குழு தப்பித்ததற்கு ஒரே காரணம், தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தன. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் "நம்ம நோட்டு நம்ம வீட்லதான் இருக்கணும், எழுதறவங்க இங்க வந்து எழுதட்டும்" என்று முதலிலிருந்தே பிடிவாதம். பக்கத்து ஊர்க் குழு ஒன்று நோட்டைக் கொடுத்து வைத்திருந்தது. வாங்கிப்போன ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார். பழைய கடனைக் கட்டி முடித்ததற்கே அவர்களிடம் தாள் இல்லை. வங்கியில் திரும்பப் படியேறி, ஆரம்பத்திலிருந்து தரமதிப்பீடு செய்து, புதுக் கடன் வாங்குவதற்குள் இரண்டு சீசன் போய்விட்டது.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். அந்தத் தங்கச்சி கேட்டதும் இதைத்தான்.

தமிழ்நாட்டில் சுற்றுலா என்றால் இரண்டு பேர் உண்டு. ஒன்று சுற்றுலாத் துறை. இன்னொன்று 1971-இல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், அதாவது ஓட்டல் தமிழ்நாடு என்ற பெயரில் ஊருக்கு ஊர் விடுதி வைத்திருப்பது. ஒகேனக்கல்லிலும் இருக்கிறது. துறைக்கு ஆணையராகவும் கழகத்துக்கு மேலாண்மை இயக்குநராகவும் பெரும்பாலும் ஒரே அதிகாரிதான் இருப்பார். ஆனால் பணம் வேறு, கணக்கு வேறு. துறை செலவழிக்கும், கழகம் சம்பாதிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கழக விடுதி மேலாளரிடம் போய் "ரோடு போட்டுக் குடுங்க" என்று கேட்டு நேரத்தை வீணாக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழகம் தன் விடுதிகளில் சிலவற்றைத் தானே நடத்துகிறது, சிலவற்றை ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறது. மத்திய அரசின் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், 2000-களின் தொடக்கத்தில் பல அசோக் ஓட்டல்களை விற்றே விட்டது. மதுரை அசோக்கும் மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியும் அப்படிப் போனவைதான். விற்பது வேறு, குத்தகைக்கு விடுவது வேறு. குத்தகை என்றால் நிலமும் கட்டடமும் அரசுடையது, நடத்துவது மட்டும் இன்னொருவர். உள்ளூர்க்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் குத்தகையில் ஒப்பந்தப் பத்திரம் என்று ஒன்று இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விடுதி ஒன்று ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் என்ன நடக்கும்? கக்கூஸ் சுத்தமாகும். இதை முதலில் சொல்லித்தான் ஆக வேண்டும். போனில் நட்சத்திரம் போடும் வாடிக்கையாளருக்கு அவர் பயப்படுவார். கூட்டமும் வரும், அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் வெளியே வந்து நம் கடையிலும் சாப்பிடும். ஆனால் காய்கறியும் பாலும் இலையும் உள்ளூரில் வாங்குவது குறையும். அவருக்கு வேறு ஊர்களிலும் கிளை இருந்தால் வண்டியில் மொத்தமாக இறங்கும். சனி ஞாயிறு ஆள் கேட்பார், செவ்வாய் புதன் வேண்டாம் என்பார். மாதச் சம்பளம் நாள் கூலி ஆகும். பழைய ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் வைத்துக்கொள்வார். எழுதாவிட்டால் அவர் மனசு.

என் பெரியம்மா மகன் ஒரு அரசு நிறுவனத்தின் கேண்டீனுக்கு வாழை இலை போட்டுக்கொண்டிருந்தான். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. கேண்டீனை நடத்தியவரின் ஒப்பந்தம் முடிந்து வேறு ஆள் வந்தார். அண்ணனுக்கு மூன்று மாதப் பாக்கி. புதியவர், "அது எனக்கு முன்னாடி நடந்தது" என்றார். பழையவர் போனை எடுக்கவில்லை. நிறுவனத்து அலுவலகத்தில், "நாங்க உங்ககிட்ட வாங்கலையே, அவர்தானே வாங்கினார்" என்று விட்டார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மைதான், அதுதான் கொடுமை. அண்ணன் கையில் இருந்தது சின்ன நோட்டு ஒன்று. அதில் தேதியும் கட்டு எண்ணிக்கையும் அவன் கையெழுத்திலேயே இருந்தன, வாங்கியவர் ஒப்பம் எங்கேயும் இல்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. கை மாறப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே, இருக்கும் பாக்கி இவ்வளவு என்று லெட்டர் தாளில் முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டுவிடுவோம். மாறிய பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். மாறுவதற்கு முந்தின வாரம் நல்லபடியாகப் போய்விட வேண்டும் என்ற எண்ணத்தில் இருப்பார்கள், தந்துவிடுவார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிறு, குறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஒரு குறுந்தொழிலிடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்துவிட வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இதற்கென்று தனி மன்றத்தில் முறையிடலாம். இந்தப் பதிவுக்கு உத்யம் என்று பெயர். இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். ஆனால் இது பொருளைச் செய்து கொடுப்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான். வாங்கி விற்பவருக்குக் கிடையாது. அண்ணன் இலை வாங்கி விற்றவன், அதனால் பதிவு இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. மசாலா அரைத்துக் கொடுக்கும் எங்கள் குழுவுக்குப் பயன்படும். பதிந்துவிட்டோம்.

ஒகேனக்கல்லுக்கு எத்தனை முதலாளி தெரியுமா? ஆற்றைப் பார்ப்பது நீர்வளத் துறை, அதுவும் 2021-இல்தான் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. சுற்றிலும் காடு வனத் துறை. 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை அறிவித்தார்கள், அதனால் அவர்கள் சொல்லுக்கு இப்போது எடை அதிகம். விடுதி சுற்றுலாக் கழகம். பரிசலுக்கு ஊராட்சி ஒன்றியம். மீனுக்கு மீன்வளத் துறை. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பிலிகுண்டுலுவில் அளப்பது மத்திய நீர்வள ஆணையம். அதை வைத்துக் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவது ஆட்சியர். போதாதென்று இங்கே தண்ணீர் எடுத்து இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்புவது குடிநீர் வடிகால் வாரியம். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. ஜப்பான் கடனில் 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் அந்தத் திட்டம் வந்தது பெரிய விஷயம்.

இதில் எந்த ஒரு துறையைப் பிரித்தாலும் சேர்த்தாலும் அலை எங்கள் அடுப்படிக்கு வரும். அடுப்படி என்றால் எப்படி என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மீன் வாங்கி, செதிள் உரித்து, கட்லாவைக் கனமான துண்டாகப் போட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு அலசு அலசி, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சை சேர்த்துப் பேசினில் பிசைந்து வைத்துவிடுவோம். எட்டரைக்கு முதல் வண்டி. மசாலா ஏறிய மீனை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள முடியாது. பத்து மணிக்கு மைக்கில் தடை அறிவித்தால் அந்த மூன்று பேசினும் நம் தலையில். அதனால் ஆடி ஆவணியில் எங்களுக்கு முதல் வேலை பேப்பரில் கபினி, கிருஷ்ணராஜசாகர் நிலவரம் பார்ப்பது. அங்கே மதகைத் தூக்கினால் ஓரிரு நாளில் இங்கே தெரியும். அதற்கும் முன்னால் ஆறே சொல்லிவிடும். தண்ணீர் செந்நிறத்துக்குத் திரும்பி, குச்சியும் நுரையும் மிதந்து வந்தால், மாமியார் பார்த்துவிட்டு "இன்னிக்கு ரெண்டு கிலோ போதும் கண்ணு" என்பார். அவர் சொல்லித் தவறியது மிகக் குறைவு.

வெள்ளம்கூடப் பழகிப்போன விஷயம். 2018, 2019 ஆகஸ்ட் மாதங்களில் லட்சக்கணக்கான கன அடி வந்தபோது அருவி எது ஆறு எது என்றே தெரியவில்லை. கஷ்டம் தண்ணீர் வடிந்த பிறகுதான். அடித்துக்கொண்டு போன கைப்பிடிக் கம்பி யாருடையது, நடைபாதை யாருடையது, உடை மாற்றும் அறை யாருடையது என்று தெரிந்தால்தானே சரிசெய்வார்கள்? அது முடியாமல் குளிக்க விட மாட்டார்கள். குளிக்க விடாமல் கூட்டம் வராது.

எங்களுக்கு ஒரு குழாய் வேண்டியிருந்தது. மீன் கழுவும் இடத்தில் ஒரு குழாய், ஒரு சிமெண்ட் தொட்டி. இரண்டு மாவட்டத்துக்குக் குடிநீர் போகிற ஊரில் இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். முதல் அலுவலகத்தில் "இடம் எங்களுதில்ல" என்றார்கள். இரண்டாவதில் "இடம் எங்களுதுதான், ஆனா அங்க வேலை செய்யற நிதி அவங்களுது" என்றார்கள். மூன்றாவதில் அதிகாரி மாறிவிட்டார், பழைய ஃபைல் எங்கே என்று தெரியவில்லை. எதிர்க்கடை அக்கா ஒருத்தர் இருக்கிறார், நன்றாகச் சண்டை போடுவார். அவரே, "இவங்ககிட்ட கத்தி பிரயோஜனமில்ல, எல்லாரும் மரியாதையாத்தான் பேசறாங்க" என்று சலித்துக்கொண்டார்.

கடைசியில் வழி காட்டியவர் அப்பாதான். தொழிற்சங்கத்தில் இருந்தவர், தாளின் மதிப்பு தெரிந்தவர். "இல்லைன்னு சொன்னா அதையும் எழுத்துல வாங்கு" என்றார். முதல் அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமை மனு போட்டோம். இந்தச் சர்வே எண்ணில் உள்ள இடம் உங்கள் பராமரிப்பில் உள்ளதா, இல்லையென்றால் யாருக்கு, எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி ஒப்படைக்கப்பட்டது என்று கேட்டிருந்தோம். வேறு எதுவும் எழுதவில்லை, குறை சொல்லவில்லை, கோரிக்கையும் வைக்கவில்லை. முப்பது நாளுக்குள் பதில் வந்தது. தங்களுடையது இல்லை, இன்ன உத்தரவின்படி இன்னாரிடம் ஒப்படைத்தாகிவிட்டது என்று. அந்த ஒற்றைத் தாளை எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது அலுவலகத்தில் பேச்சே மாறிவிட்டது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள்.

அதே சமயம் ஆகஸ்ட் 15 கிராமசபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தோம். கிராமசபைத் தீர்மானத்தின் அருமை எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கழகம் இணையும், துறை பிரியும், அதிகாரி மாறுவார். 2025 ஜனவரியில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்காலமே முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். தீர்மானப் பதிவேட்டில் ஏறியது மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மாவின் இரும்புப் பெட்டி யோசனைதான் இதுவும். குழாய் வந்துவிட்டது. தொட்டியைக் கொஞ்சம் உயரமாகக் கட்டிவிட்டார்கள், குட்டையான பெண்களுக்குச் சிரமம். அதற்கு ஒரு செங்கல் மேடை நாங்களே போட்டுக்கொண்டோம்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் கர்நாடகம். கோபிநத்தத்தில் அவர்களுடைய ஜங்கிள் லாட்ஜஸ் முகாம் நடத்துகிறது. 1980-இல் தொடங்கிய அரசு நிறுவனம், காட்டுச் சுற்றுலாவையும் தங்குமிடத்தையும் ஒரே கையில் வைத்து நடத்தும் முறை. அங்கே போன நம் ஆட்கள் திரும்பி வந்து, ஆகா ஓகோ என்பார்கள். ஒரே இடத்தில் கேட்டால் பதில் கிடைக்கிறது என்பது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் அந்த விடுதியில் தங்குகிறவர் முன்பணம் கட்டி, மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேயே முடித்துக்கொண்டு போய்விடுவார். மீன் வறுத்துப் போடும் நாற்பது பெண்களுக்கு அதில் இடம் இல்லை. எங்கள் கரையில் குழப்பம் அதிகம், கூட்டமும் அதிகம், அந்தக் குழப்பத்துக்குள் ஏழைக்கு ஒரு அடுப்பு வைக்க இடமும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2023 செப்டம்பரில் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்கு மற்றத் தொழில்துறைகளைப் போன்ற தகுதி தந்திருக்கிறது. முதலீட்டோடு வருகிறவர்களுக்கு அது உதவும். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் என்ன வாசல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் வாசலைத் திறந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். விற்பனையா குத்தகையா என்று முதலில் தெரிந்துகொள். அரசாணை எண்ணைக் கேள். நீங்கள் ஏழு பேரும் எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்பதற்கு வருகைப் பதிவேட்டு நகல், வருங்கால வைப்பு நிதி எண், சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் இப்போதே போட்டோ எடுத்து வை. டெண்டர் விடுவதற்கு முன்னால் மனு கொடு. பழைய தொழிலாளிகளை வைத்துக்கொள்ள வேண்டும், மகளிர் குழுவிடம் இன்னின்ன பொருள் வாங்க வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல். பத்திரம் கையெழுத்தான பிறகு போய் அழுதால் எல்லோரும் இரக்கப்படுவார்கள், அதற்கு மேல் அவர்களால் முடியாது. முடிந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது வேறு வருமானத்துக்கு ஒரு வழி பார்த்துவை.

"அக்கா, ஏழு பேர்ல நாலு பேர் பயப்படறாங்க, மனுவுல கையெழுத்துப் போட்டா இருக்கறதும் போயிடும்னு" என்றாள். அந்தப் பயம் நியாயமானதுதான். தனித்தனியாகப் போட வேண்டாம், குழுவின் பெயரில், குழு முத்திரையோடு கொடுங்கள் என்றேன். அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா இன்னும் என்னோடு வாதம் செய்துகொண்டுதான் இருக்கிறார். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்துத் தனிக் கழகம் திரும்ப வர வேண்டும் என்பது அவர் கட்சி. தனிக் கழகம் வந்து அதிகாரம் எல்லாம் சென்னையிலேயே இருந்தால் பலகை எழுதுகிறவருக்குத்தான் லாபம் என்பது என் கட்சி. இப்போதைக்கு இருவரும் ஒத்துப்போவது ஒரே விஷயத்தில்தான். பரிசல் ஏறும் இடத்துப் பக்கம் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறோம். நிலம் யார் பராமரிப்பில் என்று கேட்டுப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. முப்பது நாள் முடிந்தால் மேல்முறையீடு. அதற்கான தாளை அப்பாவே எழுதிவிட்டார், தேதி போடுவதற்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்.